காவி காயும் வரை

சாயக் கூடாது. சட்டை போடக் கூடாது, இடது கையை இடுப்போடு ஒட்டி வைக்கக் கூடாது, காவி காயும் வரை இந்த முக்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், மூன்று நாளைக்குக் குளியல் கிடையாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு வேளார் தன் கொட்டாங்கச்சியையும் கோழி இறகையும் மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். நானும் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறேன். முதுகெலும்பிலிருந்து கிளம்பி, இடது விலாவைச் சுற்றி, தொப்புளுக்கு ஒரு சாண் இப்பால் வந்து நின்றுவிட்ட கொப்புளக் கூட்டத்துக்கு வேலி கட்டினாற்போல் செங்காவிக் கோடு. விலாவின் மேல் ஒரு சிங்கம். சிங்கம் என்று அவர்தான் சொன்னார். அலமாரிக் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன். காது தொங்குகிறது, வால் சுருண்டிருக்கிறது, தெருமுனை பேக்கரி வாசலில் ஒரு நாய் படுத்திருக்குமே, அதேதான். சிங்கத்துக்குப் பயப்படுகிற அக்கி இதற்கும் பயப்பட்டால் சரி. எல்லாம் பக்கத்து வீட்டு லூர்து அக்காவின் ஏற்பாடு. கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர், பூண்டி மாதாவைத் தவிர வேறு யாரிடமும் எதையும் கேட்காதவர், ஆனால் அக்கி என்றதும் பானை செய்கிறவர் கைதான் எழுத வேண்டும் என்று ஒரே பிடி. "மாத்திரை அது பாட்டுக்கு இருக்கட்டும் ஞானம், இது இது பாட்டுக்கு" என்றார். இப்படி எல்லாவற்றையும் அது பாட்டுக்கு இருக்க விடுகிறவர்களோடு வாதாட முடியாது. இறகு பட்டபோது ஜில்லென்று சுகமாகத்தான் இருந்தது. இப்போது காய ஆரம்பித்து ஓரங்களில் தோலைப் பிடித்து இழுக்கிறது. டீப்பாயின் மேல் போன். சற்று முன் அல்லி பேசினாள். "கும்பகோணம் தாண்டிட்டோம்ப்பா. வண்டி இன்னிக்கு நேரத்துக்குப் போகுது, ஆச்சரியமா இருக்கு." அவள் வந்து சேர்வதற்குள் காவி காய்ந்துவிடும். சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கலாம். பெண் பிரசவத்துக்கு வருகிறபோது அப்பன் காவி பூசிய வெற்றுடம்போடு நின்றால் மாப்பிள்ளை என்ன நினைப்பார்.

அக்கி. நல்ல சொல். வாயில் போட்டால் நாக்கு உள்ளே போய் அண்ணத்தில் ஒரு முட்டு முட்டிவிட்டுத் திரும்புகிறது. முப்பது வருஷம் அகராதித் துறையில் சொற்களோடு குடித்தனம் நடத்தியதில் இதுதான் மிச்சம், உடம்பு எரிகிறபோதும் எரிகிற இடத்தின் பெயருக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடிக்கொண்டிருப்பேன். அக்னி பிராகிருதத்துக்குப் போய் அக்கி ஆகி, அங்கிருந்து நம்மிடம் வந்து நோய்க்குப் பெயராக நின்றுவிட்டது என்று எழுதினோம். எழுதியபோது எனக்கு அக்கி வந்ததில்லை. இப்போது வந்திருக்கிறது, தீ என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை, பனியன் உரசினால் தீக்குச்சி கிழித்தாற்போல் இருக்கிறது. டாக்டர்கள் வைத்த பெயரோ ஹெர்பிஸ் ஜோஸ்டர். முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் ஊர்வது என்று பொருள், அடுத்ததற்கு இடுப்புக் கச்சை. ஆங்கிலத்தில் ஷிங்கிள்ஸ் என்கிறார்களே, அதுவும் லத்தீன் கச்சையிலிருந்து வந்ததுதான். எங்கோ இருந்தவன் இடுப்பைச் சுற்றி வருவதைப் பார்த்துப் பெயர் வைத்தான், நம்மவன் கண்ணை மூடிக்கொண்டு எரிச்சலை மட்டும் பார்த்து வைத்தான். இடுப்புக் கச்சையைத் தமிழில் ஒட்டியாணம் என்றே சொல்லலாம். கல்யாணத்தில் வேதவல்லிக்கு ஒட்டியாணம் போட எங்கள் இரண்டு வீட்டுக்கும் வக்கில்லை. எனக்கு இந்த வயதில் பாதி ஒட்டியாணம் கிடைத்திருக்கிறது, அவள் இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் சிரித்திருப்பாள். பாதிதான் என்பதில் ஒரு நிம்மதி. முழுசாகச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்க மாட்டான் என்று வேளாரும் சொன்னார், பால்காரரும் சொன்னார். அப்படியெல்லாம் சேராது, நரம்பு ஒரு பக்கத்தோடு நின்றுவிடும் என்று டாக்டரம்மா சொன்னதுதான் சரி, எனக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடி முன் போய், தொப்புளுக்கும் அதற்கும் நடுவில் இன்னும் அந்த ஒரு சாண் இருக்கிறதா என்று கைவைத்துப் பார்க்கிறேன். அறிவு படித்துக்கொண்டிருக்கும்போது பயம் தனியாக எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. இன்று காலையும் இருந்தது.

தீ என்று பெயர் வைத்ததில் ஒரு சௌகரியம், காரணமும் உடனே கிடைத்துவிடுகிறது. சூடு. சொல்கிறவர்கள் எல்லாருக்கும் சூடுதான். நேற்று அல்லியிடம் போனில் அக்கி என்று சொன்னேன், மறைக்கவில்லை. "அய்யய்யோ, அக்கியா? வெயில்ல அலைஞ்சிருப்பீங்க. தெனமும் ஒரு எளநி வாங்கிக் குடிங்கப்பா" என்றாள். மாப்பிள்ளை முரளிதரன் போனை வாங்கி, "எழுதிக்கங்க மாமா, எங்க பெரியப்பாவுக்கும் வந்துச்சு. நாங்க எல்லாரும் கூடத்தான் இருந்தோம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்து, சீட்டு கிடைத்ததா, எந்தப் பெட்டி, சாமானை யார் தூக்கிவைப்பார் என்று போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமைதான் வருவதாக இருந்தது. அவருக்கு ஆபீசில் லீவு இப்போதே கிடைத்துவிட்டதால் இன்று கிளம்பிவிட்டார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். வளைகாப்பு அன்று சம்பந்தி அம்மா பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார், "அம்மா இல்லாத வீட்டுல போயி யாரு பாப்பா? இங்கயே இருக்கட்டுமே." தப்பாகச் சொல்லவில்லை, நியாயமான கேள்விதான், அதனால்தான் சுருக்கென்று இருந்தது. அல்லி இலையிலிருந்து தலை தூக்காமல், "எங்க அப்பா பாப்பாரு" என்றாள். மூன்றே மூன்று சொல். அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு நான் இந்த ஒரு மாதமாக என்னென்ன செய்தேன் என்று வேதவல்லி பார்த்தால் நம்ப மாட்டாள். பூண்டுக் குழம்பு கற்றுக்கொண்டேன். பிள்ளை பெற்றவளுக்குச் சோற்றில் போட அங்காயப் பொடி இடித்தேன். உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடித்து, உத்தரத்தில் தொட்டில் கொக்கியை இழுத்து ஆட்டிப் பார்த்து, நானே ஒரு முறை தொங்கியும் பார்த்தேன். வேதவல்லியின் பழைய நூல் புடவைகளைத் துவைத்துக் காயவைத்துத் துண்டு துண்டாகக் கிழித்து அடுக்கி வைத்திருக்கிறேன், பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணிதான் வேண்டும். கிழிக்கும்போது அழுதேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவள் போய் இரண்டு வருஷமாக இந்த வீட்டில் யாருக்காகவும் உலை வைத்ததில்லை. இன்று காலை மூன்று பேருக்கு அரிசி களைந்தபோது கை தானாக ஒரு பிடி அதிகம் போட்டது.

காவி விலாவில் நன்றாகவே இழுக்கிறது. மத்தியான மாத்திரையை விழுங்கியாயிற்று. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, சுண்ணாம்புக் கட்டி அளவுக்கு ஒன்று. டாக்டரம்மா சின்னப் பெண், அல்லி வயதுதான் இருக்கும், சட்டையைத் தூக்கிப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "வீட்ல கர்ப்பிணிங்க, சின்னக் கொழந்தைங்க யாராச்சும் இருக்காங்களா சார்?" நான், "இல்லம்மா, ஒத்த ஆளு" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு மாத்திரை எழுத ஆரம்பித்துவிட்டார். அப்போது அது உண்மை. அல்லி வருவது அப்போது அடுத்த வாரம், அடுத்த வாரம் என்பது வேறு உலகம். ஆனால் ஏன் கேட்டார்? சூட்டுக் கொப்புளத்துக்கும் கர்ப்பிணிக்கும் என்ன. வழக்கமாக எல்லாரிடமும் கேட்பார்களாக இருக்கும், அலர்ஜி உண்டா, சுகர் உண்டா என்பது மாதிரி. இல்லை, என்னைக் கேட்கவில்லையே, வீட்டில் யார் என்றல்லவா கேட்டார். கொப்புளம் என்னிடம், கேள்வி வீட்டைப் பற்றி. நான் வேறு அந்த நேரத்தில் என் புத்தியைக் காட்டி, இதுக்கு முழுப் பெயர் என்னம்மா என்று கேட்டுவைத்தேன். நோய்க்குப் பெயர் சொன்னார், அதை உண்டாக்குகிற கிருமிக்கும் சொன்னார், வேரிசெல்லா ஜோஸ்டர் வைரஸ். ஜோஸ்டர் என்றதும் கச்சை, ஒட்டியாணம் என்று மனசு அந்தப் பக்கம் ஓடிவிட்டது. பேருந்தில் வரும்போதெல்லாம் ஒட்டியாணம்தான். முதல் பாதியை விட்டுவிட்டேன். வேரிசெல்லா. வேரியோலா என்பது பெரியம்மைக்கு லத்தீனில் வைத்த பெயர், புள்ளி புள்ளியாக இருப்பது என்கிற சொல்லிலிருந்து. வேரிசெல்லா அதன் குட்டி. சின்னது. சின்னம்மை. நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன், இன்னும் நிமிர்ந்தேன். ஒரு கிருமி, அதற்குப் பெயரின் ஒரு பாதி அம்மை, மறுபாதி கச்சை. இரண்டு வெவ்வேறு கிருமிக்கு இப்படிச் சேர்த்துப் பெயர் வைக்க மாட்டார்கள். ஒன்றேதான் இரண்டாகவும் வருகிறது என்றால்தான் வைப்பார்கள். அப்படியென்றால் இது சூடு இல்லை. வெயில் இல்லை. என் விலாவில் நாய் காவல் காக்கிறதே, இது அம்மை.

அம்மை எனக்கு எப்போது போட்டது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. அல்லிக்கு நாலு வயது. முதலில் வேதவல்லிக்கு, அடுத்த நாளே எனக்கு. இதே கூடத்தில் ஓலைப்பாயில் ஆளுக்கு ஒரு மூலையாகக் கிடந்தோம், தலைமாட்டில் வேப்பிலை, வாசல் நிலையில் வேப்பிலை, கேட்டில் வேப்பங்கொத்து. கேட்டில் வேப்பங்கொத்தைப் பார்த்தால் பால்காரர் முதல் தபால்காரர் வரை யாரும் உள்ளே வர மாட்டார்கள், ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். அல்லியை லூர்து அக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் பிள்ளைகளுக்கு முந்தின வருஷமே போட்டு முடிந்திருந்தது. நடுவில் இந்தக் காம்பவுண்டுச் சுவர்தான். சாயங்காலமானால் சுவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, கண் மட்டும் தெரிய, "அம்மாவுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்று கத்துவாள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் வீட்டுக்கு வரலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வேதவல்லி பாயிலிருந்தே, "நாளைக்குடா கண்ணு" என்பாள். மறுநாள் சாயங்காலமும் அதே கேள்வி, மறுநாளும் அதே நாளைக்கு. ஒரு நாள் அவள் கேட்கவில்லை. சுவருக்கு மேல் கண் தெரிந்தது, பேச்சு இல்லை, பிறகு கண்ணும் இறங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றி அழைத்து வந்தபோது என் கையைப் பிடிக்காமல் லூர்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பெரியவளான பிறகும் சண்டை என்று வந்தால், காலேஜ் விஷயமோ கல்யாண விஷயமோ, கடைசியில் அந்தச் சுவரில் வந்துதான் நிற்கும். "நாலு வயசுலயே என்னை வெளிய விட்டவங்கதானே நீங்க." உன் நல்லதுக்குத்தான் என்று ஒரு முறை சொன்னேன். "தெரியும்ப்பா, தெரிஞ்சா மட்டும்?" என்றாள். அம்மையைத் தண்ணீர் ஊற்றி, கஞ்சி வார்த்து, மரியாதையாக வழியனுப்பினோம் என்றல்லவா நினைத்தோம். அவள் போகவே இல்லை. முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு நரம்பில் சுருண்டு படுத்துக்கொண்டு, நான் ரிடையர் ஆகிற வரை, வேதவல்லி போகிற வரை பேசாமல் இருந்துவிட்டு, என் பெண் பிள்ளை பெற வருகிற வாரமாகப் பார்த்து எழுந்து வந்திருக்கிறாள்.

கையை விலாவில் படாமல் நீட்டி போனை எடுத்தேன். கிளினிக்கில் போனை எடுத்த பெண், டாக்டர் சாப்பிடப் போகிறார் என்றாள். ஒரு நிமிஷம்மா, ஒரே கேள்வி என்றேன். கொடுத்தாள். "டாக்டரம்மா, வீட்ல கர்ப்பிணி இருக்காங்களான்னு கேட்டீங்களே. அன்னிக்கு இல்ல. இப்ப வந்துக்கிட்டிருக்காங்க. எம் பொண்ணு. எட்டாம் மாசம்." அந்தப் பக்கம் தட்டு ஏதோ நகர்ந்தது. "அவங்களுக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா சார்?" "போட்டிருந்தா?" "போட்டிருந்தா ஒண்ணுமே பயமில்ல. ஒரு தடவை வந்தவங்களை இது பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. வராதவங்கன்னா உங்க கொப்புளத்துத் தண்ணி பட்டா அவங்களுக்கு அம்மையா வரும். மாசமா இருக்கப்ப வந்தா அவங்களுக்குச் சிரமம், பிரசவத்தை ஒட்டி வந்துட்டா கொழந்தைக்கு ரொம்பவே ஆபத்து." "போடல." "நல்லா தெரியுமா சார்?" "நல்லாவே தெரியும். நாங்கதான் போடாம பாத்துக்கிட்டோம்." சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது. அன்றைக்கு அவளும் எங்களோடு பாயில் கிடந்திருந்தால் இன்றைக்கு நேரே உள்ளே வந்திருப்பாள். காப்பாற்றினோம், அதனால்தான் இப்போது காப்பாற்ற வேண்டியிருக்கிறது. டாக்டரம்மா பதமாகத்தான் பேசினார். "சில பேருக்குத் தெரியாமலே லேசா வந்து போயிருக்கும். ரத்தத்துல பாத்தா தெரிஞ்சிடும், அவங்க டாக்டர்ட்ட நாளைக்கே காட்டச் சொல்லுங்க. அதுவரைக்கும் பக்கத்துல வேணாம். கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டிக் காயட்டும்." "சட்டை போட்டு மூடிக்கிட்டா?" "மூடினா குறையும் சார். நல்லாவே குறையும். ஆனா ஒரே வீடு, ஒரே துண்டு, ஒரே பாய்..." சாப்பிடுங்கம்மா என்று வைத்துவிட்டேன்.

மூடினால் குறையும். நல்லாவே குறையும். டாக்டரே சொன்னது. கொடியில் சட்டை தொங்குகிறது, வெள்ளை, இஸ்திரி போட்டது, இன்றைக்கென்று எடுத்துவைத்தது. போட்டுக்கொண்டு வாசலில் நின்றால் என்ன. துண்டைத் தனியாக வைத்துக்கொள்வேன், பின்னறையில் படுப்பேன், எட்டி நின்றே சோறு போடுவேன். அவளிடம் பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. அக்கி என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று, முழு உண்மை, எந்த அகராதியைப் புரட்டினாலும் சரியான சொல். அந்தச் சொல்லுக்குள் எல்லாரும் வரலாம் போகலாம், யாரும் பயப்பட மாட்டார்கள், அவ்வளவு விசாலமான சொல். அந்த இன்னொரு சொல்லைச் சொன்னால்தான் கதவு சாத்திக்கொள்ளும். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை நல்லவர், ஆனால் பயந்துவிடுவார். இப்படியே சாயங்கால வண்டிக்குத் திரும்பிவிடலாம் என்பார். சம்பந்தி அம்மா குத்திப் பேசக்கூட மாட்டார், "பாவம், அவரு என்ன பண்ணுவாரு" என்பார், அதுதான் தாங்காது. அல்லி ஒன்றும் சொல்ல மாட்டாள். அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசாமல் இறங்கிப்போன மாதிரி ஆட்டோவில் ஏறிவிடுவாள், குழந்தை அங்கேயே பிறக்கும், தொட்டில் கொக்கி சும்மா தொங்கும். எங்க அப்பா பாப்பாரு என்றாளே. இரண்டு வருஷம் கழித்து இந்த வீட்டில் ஒரு குரல் கேட்கப் போகிறது என்று இருந்தேனே. எனக்கு அவள் வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம். இதை இவ்வளவு வெளிப்படையாக நான் யாரிடமும் சொன்னதில்லை, வேதவல்லியிடம்கூட. மின்விசிறி சுற்றுகிறது. கொப்புளத்தில் ஒன்று உடைந்திருக்க வேண்டும், காவிக்கு நடுவே ஒரு பொட்டு ஈரம் இறங்கி நாயின் முன்காலைக் கரைத்துக்கொண்டு போகிறது. முழுசாக ஒரு சொட்டுகூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளறையில் மெத்தென்று கிழித்து அடுக்கி வைத்த துணிகள் எல்லாம் இந்தக் கையால் அடுக்கியவை. நேற்றுகூட ஒரு முறை பிரித்து மடித்தேன்.

காவி காயவில்லை. எழுந்துவிட்டேன். போனில் அல்லி நம்பரைத் தட்டினேன், அடித்தது, எடுக்கவில்லை. இறங்குகிற அவசரத்தில் பையில் போட்டிருப்பாள். ஆட்டோவில் ஏறினால் கால் மணி நேரம்கூட இல்லை. கேட்டைத் தாண்டும் முன் அவள் நிற்க வேண்டும். இறங்கியதும் நேரே வந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிற பெண், நில் என்று கத்தினால் சிரித்துக்கொண்டே வந்துவிடுவாள். வெற்றுடம்போடு தெருவுக்கு வந்தேன். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் என்னையும் நாயையும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிற வேம்பு, கை தூக்கினால் எட்டும், இடது கையைத் தூக்கியபோது விலா எரிந்தது. பெரிய கொத்தாகவே ஒடித்து கேட்டின் கொண்டியில் செருகினேன். லூர்து அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "என்ன ஞானம் இது? அக்கிக்கு யாராச்சும் வேப்பில செருகுவாங்களா? காவி எல்லாம் அழியுது பாரு." "அக்கி இல்லக்கா. அம்மை." "வேளாரு அக்கின்னுதானே எழுதினாரு?" "ரெண்டும் ஒண்ணுதானாம். டாக்டர்ட்ட கேட்டுட்டேன். அம்மை போடாதவங்களுக்குப் போட்டுடும்." கணக்கு டீச்சர், இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. என் முகத்தைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். "அல்லிக்குத்தான் போடலியே" என்றார் மெதுவாக. "அப்ப எங்க வீட்டுலல்ல இருந்தா." நான் தலையாட்டினேன். "உங்க வீட்டுல இருக்கட்டுமாக்கா?" என்று கேட்க நினைத்தேன், அதற்குள் அவரே, "அந்த ரூமு சும்மாத்தான் கெடக்கு. நான் போயி மெத்தையைத் தட்டிப் போடுறேன். நீ உள்ள போயி ஜன்னல்ல நில்லு, வெளிய நிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னலில் நின்றேன். ஆட்டோ வந்தது. முதலில் மாப்பிள்ளை இறங்கி, பையை எடுத்து, கை கொடுக்க, அல்லி ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு இறங்கினாள். போட்டோவில் பார்த்தது வேறு, நேரில் இவ்வளவு பெரிய வயிறு. சிரித்துக்கொண்டே திரும்பியவள் கேட்டைப் பார்த்து நின்றாள். மாப்பிள்ளை கொண்டியில் கைவைக்கப் போனார், அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "அப்பா?" என்றாள். "அம்மைம்மா" என்றேன் கம்பிக்குப் பின்னால் நின்று. "அக்கின்னீங்க." "அக்கிதான். அது அம்மையேதான்னு இப்பத்தான் தெரிஞ்சுது. உனக்கு ஆகாது. பாப்பாவுக்கு ஆகவே ஆகாது. நீ உள்ள வராத." எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன், ரத்தப் பரிசோதனை, டாக்டர் சொன்னது, லூர்து அக்கா வீட்டு ரூம், எது முன்னே எது பின்னே என்று தெரியாமல். மாப்பிள்ளை பையைக் கீழே வைக்கவில்லை. "அல்லி, அப்படின்னா சாயங்கால வண்டிக்கே..." என்று ஆரம்பித்தார். ஆட்டோக்காரர் இன்ஜினை அணைக்கவில்லை. அவள் வேப்பங்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வயதில் பக்கெட் மேல் நின்று பார்த்த அதே கண். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஆட்டோ பக்கம் திரும்பினாள், காசைக் கொடுத்து அனுப்புங்க என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள், பிறகு மெதுவாக நடந்து லூர்து அக்கா வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய், வாசல்படி ஏறாமல், பக்கவாட்டில் வந்து சுவரருகே நின்றாள். இப்போது பக்கெட் வேண்டியதில்லை, சுவர் அவள் மார்பளவுதான். இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு என் ஜன்னலைப் பார்த்தாள்.

"எப்பப்பா தண்ணி ஊத்துவாங்க?"

அக்கிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வழக்கம் கிடையாது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், வந்தது வேறு.

"நாளைக்கும்மா."

"அம்மாவும் இப்படித்தான் சொன்னாங்க" என்றாள். பிறகு, "ஆன்ட்டி, இங்க ஒரு நாற்காலி போடுங்க" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.